நிதானம்: பொருள் நிலுவையில்

என் அக்கா புருஷனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வராத நாளை என் அக்கா பார்த்ததில்லை. நான் மாடியிலும் அவர்கள் கீழேயுமாக ஒரே வீட்டில் குடியிருப்பதால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் எங்களுடையது நிதானமான குடும்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் எலக்ட்ரீஷியன். மச்சான் பஸ் டிரைவர். குறுக்கே எவனாவது ஓடினால் நானாக இருந்தால் அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். மச்சான் பிரேக்கை மிதிப்பார், அவன் ஒழுங்காக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தானா என்று கண்ணாடியில் பார்ப்பார், அப்புறம் கியரைப் போடுவார். இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் ‘நிதானம் இழந்தார்’ என்று சஸ்பெண்ட் செய்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மத்தியானம் மச்சானின் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்தைவிட்டு வெளியே வருகிறது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார். உள்ளே மச்சானுடைய கம்பெனியின் துணை மேலாளரே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறார். மச்சான் ஒரு தடவை ஹாரன் அடித்தார். பிறகு இறங்கிப் போய், "சார், காரைக் கொஞ்சம் எடுங்க, ஜனங்க காத்திருக்காங்க" என்றார். "போன்ல பேசிட்டிருக்கேன்ல?" என்றார் துணை மேலாளர்.

மச்சான் திரும்பி வந்தார். இன்ஜினை அணைத்தார். டிபன் பாக்ஸை எடுத்து, பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் போன் முடிந்தது. அதற்குள் காருக்குப் பின்னாலும் வண்டிகள் சேர்ந்துவிட்டதால், பஸ் பின்னால் போனால்தான் கார் கிளம்ப முடியும். துணை மேலாளர் ஹாரன் அடித்தார், கத்தினார், கடைசியில் இறங்கி வந்து, "வண்டியைப் பின்னால எடுய்யா!" என்றார்.

"சாப்பிட்டுட்டிருக்கேன்ல?" என்றார் மச்சான்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். குற்றம் அந்தச் சிரிப்புதான். ஆனால் ஜனங்கள் சிரித்ததற்கு டிரைவரைத் தண்டிக்கக் கம்பெனியின் விதிப் புத்தகத்தில் இடமில்லை. குடிப்பது, திருடுவது, மோதுவது, நிதானம் இழப்பது என்று நாலே குற்றங்கள்தான் அதில் உண்டு. முதல் மூன்றும் பொருந்தாததால் நாலாவதைப் போட்டார்கள். ‘நிதானம் இழந்து, பொது இடத்தில் உணவை நன்றாக மென்று சாப்பிட்டார்’ என்பது குற்றச்சாட்டு.

விசாரணை அதிகாரி ரொம்ப ஜாக்கிரதையான மனுஷர். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நிதானம்னா என்னன்னு இதுல எங்கேயும் போடலையே? இல்லாத ஒண்ணை எப்படி இழக்க முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கேயே கேஸை மூடியிருக்கலாம். அவர் அதைப் பொருள் கேட்டுச் சொல்லாபீசுக்கு அனுப்பிவிட்டார்.

துணை மேலாளர் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தச் சொல்லுக்குப் பொருள் வாங்கிட்டு வாங்க. வருஷக் கடைசிக்குள்ள வரலைன்னா உங்களை வண்டி கழுவுற ஷெட்டுக்கு மாத்திடுவோம். அப்புறம் ஸ்டீயரிங்கைத் துடைக்கலாம், பிடிக்க முடியாது."

வீட்டுக்கு வந்து மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஷெட்டுக்கும் வண்டியெல்லாம் வரும் மாப்ள. ஆனா அங்கேருந்து என் கையால ஒண்ணும் கிளம்பாது." சொல்லிவிட்டு எழுந்து போய், ஓடாத சுவர்க் கடிகாரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குச் சேர்த்து நான் அன்றைக்கு அரை மணி நேரம் கத்தினேன்.

சொல்லாபீசின் முழுப் பெயர் சொற்பொருள் நிர்ணய வாரியம். மூன்று மாடி. வாசலில் ‘பேசுவதற்கு முன் அனுமதி பெறவும்’ என்று பலகை. அனுமதியை எப்படிக் கேட்பது என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். "இப்பக் கேட்டீங்களே, அதுக்கே வாங்கியிருக்கணும்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். மச்சான் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் பின்னால் வந்தார்.

கீழ்த்தளம் பிறப்புப் பிரிவு. ஒரு சொல் எங்கே பிறந்தது, எப்போது வந்தது, யாருடன் வந்தது என்பதை விசாரிக்கிற இடம். அதன் அதிகாரி ஒரு மேடம். மூக்கு நுனியில் கண்ணாடி.

"நிதானமா?" என்றார். "அது பெரிய தகராறுல இருக்கு. எங்க பிரிவுல பாதிப் பேர் அது உள்ளூர்ச் சொல்லுங்கறாங்க. ஒருத்தர் தன் நிதி எல்லாத்தையும் தானம் பண்ணிட்டு, வாயைத் திறக்காம வீட்டுக்கு வந்து படுத்துக்கிட்டாராம். அதுலேருந்து நிதானம். மீதிப் பாதிப் பேர் அது கப்பல்ல வந்த சொல்லுங்கறாங்க."

"எந்தக் கப்பல்?" என்றேன்.

"அதுதான் தெரியலை. ரொம்ப நிதானமா இறங்கியிருக்கு. யாரும் கவனிக்கலை." மேடம் சிரிக்கவில்லை. "நீங்க மாடிக்குப் போய்ப் பொருளைக் கேட்டுக்கிட்டு வாங்க. பொருள் தெரிஞ்சாத்தான் யாரோட பிறப்பைத் தேடறோம்னு எங்களுக்குத் தெரியும்."

மாடியில் பொருள் பிரிவு. அதன் அதிகாரி குண்டாக, சுத்தமாக, எந்த வேலையையும் கிட்டே சேர்க்காத முகத்துடன் உட்கார்ந்திருந்தார். "பிறப்பு முடிவாயிடுச்சா?" என்றார். இல்லை என்றேன். "பிறக்காத சொல்லுக்கு நான் என்னய்யா பொருள் சொல்றது? கீழே போய் முடிச்சுட்டு வாங்க."

"நீங்களே கீழே இறங்கி மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா என்ன?"

"நாங்க பேசிக்கிறதில்லை" என்றார், ரொம்பப் பெருமையாக. "இந்த வாரியத்துல ரெண்டு பிரிவும் கலந்து பேசினதா ஒரு வரலாறு கிடையாது."

நான் கீழுக்கும் மேலுக்குமாக நடந்து செருப்பு தேய்ந்தது. மச்சான் ஒவ்வொரு தடவையும் படியில் ஓரமாக நடந்து, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டார். அப்படி அவர் வழிவிட்டதைத்தான் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்த தலைவர் பார்த்தார். வாரியத்தின் தலைவர். நின்று இரண்டாவது முறையும் பார்த்தார். எங்களைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே ஒரு அம்மா வந்து மூலையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அவர் குறிப்பெழுத்தர். தலைவர் முன்னால் யார் எதைச் சொன்னாலும், தும்மினாலும், எழுதிவிட வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. அது விதி.

"இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று தலைவர் தொடங்கினார். "ஜனங்க சொற்களை இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்கு உடனே புரிஞ்சுடும். கேக்க ஆளே கிடையாது. அந்த அராஜகத்துக்கு நாங்க ஒரு முடிவு கட்டினோம். இதுவரைக்கும் பதினோரு சொல்லை முடிச்சிருக்கோம்."

"எத்தனை வருஷத்துல சார்?"

"‘வருஷம்’ இன்னும் நிலுவையில இருக்கு. அதனால சொல்ல முடியாது."

குறிப்பெழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். தலைவர் மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னெல்லாம் நாங்க புத்தகத்துலேருந்து உதாரணம் எடுத்தோம். எழுதறவங்க கற்பனை பண்றாங்கன்னு தணிக்கையில கண்டுபிடிச்சுட்டாங்க. அதுலேருந்து உயிரோட இருக்கற சான்றாள் மட்டும்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆள். நிதானத்துக்கு ஆள் கிடைக்காம இவ்வளவு நாள் தவிச்சோம். வந்தவங்க எல்லாம் வாசல்ல வாட்ச்மேனைத் தாண்டறதுக்குள்ளேயே தகுதி இழந்துட்டாங்க. நீங்கதான் அந்த ஆள். நாளையிலேருந்து வந்து உக்காருங்க."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நிதானம் என்றால் என் மச்சான் என்று வாரியமே எழுதிக் கொடுத்தால் துணை மேலாளர் வாயை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வார்? அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டேன்.

சான்றாட்கள் அறையில் சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘பசி’யில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வேளாவேளைக்கு டீயும் பிஸ்கட்டும் வந்ததால் அவர் சொல் முடிகிற வழியாக இல்லை. ‘ரகசியம்’ என்ற ஆள் எதற்காக வந்திருக்கிறார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ‘சோம்பல்’ ஒரு நாள்கூட வந்ததில்லையாம். வாரியம் பார்த்ததிலேயே சிறந்த சான்றாள் அவர்தான் என்று பாராட்டினார்கள். ‘நேர்மை’ என்ற சீட்டுக்குக் கீழே நாற்காலியே இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மச்சான் தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலைவர் வந்து விளக்கினார். "ஒரு சொல் எங்க முடியுதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்குப் பொருள் எழுத முடியும். உங்க நிதானம் எங்கே முடியுது?"

"தெரியலைங்க" என்றார் மச்சான். "அந்தப் பக்கம் நான் போனதில்லை."

"போவோம். நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம். உங்களுக்குக் கோபம் வர்ற வரைக்கும் சோதிப்போம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சார், இருங்க. இவருக்குக் கோபம் வந்துட்டா சொல்லுக்குப் பொருள் கிடைச்சுடும், ஆனா இவர் நிதானம் இழந்தவர் ஆயிடுவாரு, வேலை போயிடும். கோபம் வரலைன்னா பொருள் கிடைக்காது, அப்பவும் ஷெட்டுதான். எப்படிப் பார்த்தாலும் இவருக்கு வண்டி கிடையாதா?"

தலைவர் என் தோளைத் தட்டினார். "அருமையாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நிறையப் பேருக்கு இது புரியறதே இல்லை."

சோதனைகள் ஆரம்பமாயின. முதல் நாள் மச்சானை வரிசையில் நிற்க வைத்து, அவர் முறை வந்ததும் ஜன்னலைச் சாத்தினார்கள். மச்சான் ஜன்னலுக்கு வெளியே நின்று காற்று வாங்கினார். அடுத்து, கையெழுத்து நீல மையில் இருக்கிறது, கறுப்பில் வேண்டும் என்றார்கள். கறுப்பில் போட்டதும் நீலத்தில் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தார். சட்டையில் டீயைக் கொட்டினார்கள். "பரவால்லைங்க, உங்க கை சுட்டுச்சா?" என்று கேட்டார். வேறு யார் பெயரையோ சொல்லி நாள் முழுக்கக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தார். நாளைக்கு வா என்றார்கள். வந்தார். நேற்றே ஏன் வரவில்லை என்றார்கள். மன்னிப்புக் கேட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத் தணிக்கை வந்தது. தணிக்கை அதிகாரி சோதனைகளின் குறிப்பையெல்லாம் படித்துவிட்டு மூக்கால் அழுதார். "வரிசையில நிக்க வெச்சது, ஜன்னலைச் சாத்தினது, நாளைக்கு வரச் சொன்னது எல்லாம் இந்த ஆபீஸோட அன்றாட வேலையாச்சே! வழக்கமா எல்லாருக்கும் பண்றதை எப்படிச் சோதனைன்னு கணக்குல காட்டுவீங்க? சோதனைன்னா வழக்கத்தைவிட மோசமா இருக்கணும்."

வாரியம் கூடியது. வழக்கத்தைவிட மோசமாக எதையாவது செய்வது எப்படி என்று சான்றாட்கள் அறையிலேயே உட்கார்ந்து முழு நாளும் யோசித்தார்கள். பொருள் பிரிவு அதிகாரி தலையைச் சொறிந்தார். "நாம ஏற்கெனவே எல்லாத்தையும் பண்ணிட்டிருக்கோம் சார்" என்றார், கிட்டத்தட்ட அழுகையோடு. பிறப்புப் பிரிவு மேடத்துக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் அதிர்ச்சியில் ஏதாவது நடக்கலாம் என்று ‘பசி’ அம்மா மட்டும் சொல்லிப் பார்த்தார். அது முன்னுதாரணம் ஆகிவிடும் என்று தள்ளிவிட்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. மேஜையைத் தட்டி, "நீங்கள்லாம் மனுஷங்கதானா? ஒரு டிரைவர் வண்டியில்லாம நடைப்பிணமா அலையறாரு, உங்களுக்கு டீ கொட்டி விளையாட்டா?" என்று கத்தினேன். கட்டடமே அதிர்ந்தது. தலைவர் ஆர்வமாகப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "நல்லா இருக்கு. ஆனா ‘ஆத்திர’த்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. காலியானா சொல்லி அனுப்பறோம். அதுவரைக்கும், நீங்க எலக்ட்ரீஷியன்தானே, அந்த ஃபேன் சுத்த மாட்டேங்குது."

ஃபேனைப் பார்த்துக் கொடுத்தேன். என்ன செய்வது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வீட்டில் அக்கா ஒடிந்து போயிருந்தாள். மச்சான் தினமும் டியூட்டி நேரத்துக்கு எழுந்து, யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, தெரு முனை ஸ்டாப்புக்குப் போவார். அவருடைய பஸ் வரும். வேறு எவரோ ஓட்டிக்கொண்டு வருவார். மச்சான் அது வந்து, நின்று, போகிற வரைக்கும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கழற்றி மடித்து வைப்பார். அக்கா டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அவர் அதைச் சொல்லாபீசுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

"அழுதாவது தொலைங்களேன்!" என்று ஒரு நாள் அக்கா வெடித்தாள். "எதையாவது எடுத்து உடைங்க. இந்தத் தட்டை உடைங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மச்சான் தட்டை வாங்கிப் பார்த்தார். "நல்ல தட்டாச்சே" என்று கழுவி வைத்தார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசிச் சோதனையைத் தலைவரே கண்டுபிடித்தார். யாரோ அவரிடம் மச்சானின் காலை நடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "அந்த பஸ்ஸைக் கொண்டு வாங்க" என்றார். மச்சானின் பஸ் சான்றுப் பொருளாகச் சொல்லாபீஸ் வளாகத்துக்கு வந்து நின்றது. தலைவர், மேடம், பொருள் பிரிவு அதிகாரி, குறிப்பெழுத்தர் எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். மச்சானை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் நான். மச்சான் மடியில் டிபன் பாக்ஸ். டிரைவர் சீட்டில் வாரியத்தின் ஜீப் டிரைவர். பாவம், அந்த மனுஷர் பஸ்ஸைத் தொட்டதே இல்லை.

"ஓட்டுங்க" என்றார் தலைவர்.

ஜீப் டிரைவர் கிளட்சைச் சரியாக மிதிக்காமல் கியரைத் தள்ளினார். கரகரவென்று ஒரு சத்தம். பஸ் ஒரு குதி குதித்து நின்றது. திரும்பத் தள்ளினார். திரும்பவும் கரகர. ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கருகிய வாசனை வந்தது.

மச்சானின் முகம் மாறியது. தலைவர் சீட்டின் நுனிக்கு வந்தார்.

"கோபம் வருதா?"

"வருதுங்க" என்றார் மச்சான்.

குறிப்பெழுத்தரின் பேனா தயாரானது. "எவ்வளவு?"

"நிறைய." கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் மச்சான் கண்ணில் தண்ணீரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெளிய விடுங்க! கூச்சப்படாதீங்க! கத்துங்க!" தலைவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

மச்சான் எழுந்தார். ஒரு அறை விழப் போகிறது என்று நினைத்தேன். விழட்டும், வேலை போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. அவர் ஜீப் டிரைவரிடம் குனிந்து, "அண்ணே, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா? வண்டிக்கு வலிக்குது" என்றார். அந்த மனுஷர் விட்டால் போதும் என்று எழுந்து இறங்கியே போய்விட்டார். மச்சான் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைத் திருப்பினார், ஹேண்ட் பிரேக்கை எடுத்தார், கியரைப் போட்டார். சத்தமே இல்லாமல் பஸ் வாசலைத் தாண்டியது. தலைவர் உள்ளே இருந்ததால் வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்.

"இது எல்லையைத் தாண்டினதா, தாண்டாததா?" என்று மேடம் கேட்டார். "தாண்டறது வண்டிதான், அவர் இல்லை" என்றார் பொருள் பிரிவு அதிகாரி. இரண்டு பிரிவும் கலந்து பேசியது வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அதை யாரும் கவனிக்கவில்லை, குறிப்பெழுத்தரைத் தவிர.

முதல் ஸ்டாப்பில் ஜனங்கள் நின்றிருந்தார்கள். மச்சான் நிறுத்தினார். சோதனைக்காக ஓட்டுகிறோம் என்று நினைத்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார். அவர் எதையும் நினைக்கவில்லை. ஸ்டாப்பில் ஆள் நின்றால் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். போர்டில் நம்பர் இருக்கிறது, வண்டி நிற்கிறது, ஏறாமல் என்ன செய்வார்கள்? ஏறினார்கள். அடுத்த ஸ்டாப்பிலும் ஏறினார்கள். காய்கறிப் பையோடு ஒரு அம்மா வந்து தலைவரிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். தள்ளித் தள்ளித் தலைவர் எழுந்தே நிற்க வேண்டியதாயிற்று.

"நிறுத்துங்க! நான் இறங்கணும்!" என்றார் தலைவர்.

"ஸ்டாப்புலதாங்க நிறுத்துவேன்" என்றார் மச்சான். "அடுத்தது பஸ் நிலையம். இதோ வந்துடுச்சு."

வந்துவிட்டது. ஆனால் உள்ளே போக முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. அதே கார். உள்ளே அதே துணை மேலாளர், அதே போன்.

மச்சான் ஒரு தடவை ஹாரன் அடித்தார். இறங்கிப் போய் ஏதோ சொன்னார். துணை மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். மச்சான் திரும்பி வந்தார். இன்ஜினை அணைத்தார். "மாப்ள, அதை எடுங்க" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் தலைவர். ஒரு கையில் கம்பி, முதுகில் யாருடைய முழங்கையோ.

"சாப்பிடறேங்க."

"எப்பக் கிளம்பும்?"

"அவர் பேசி முடிக்கணுங்க. அப்புறம் நான் சாப்பிட்டு முடிக்கணும்."

தலைவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார். நேராகப் போய் அந்தக் காரின் முன் மூடியில் இரண்டு கையாலும் மடேர் மடேர் என்று அடித்தார். "எடுய்யா வண்டியை! உன் அப்பன் வீட்டு வாசலா இது? நான் யார் தெரியுமா? உன்னை நாளைக்கே..." அதற்கப்புறம் அவர் சொன்னவை வாரியம் முடித்த பதினோரு சொற்களில் வராதவை. ஆனால் பொருள் எல்லோருக்கும் உடனே விளங்கியது. துணை மேலாளர் போனைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தலைவர் காரை எட்டி உதைத்தார். கால் வலித்ததில் இன்னும் கோபம் வந்து காருக்கும் ஒரு வசவு வைத்தார்.

காய்கறிப் பை அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏங்க பெரியவரே! கொஞ்சம் நிதானமா இருங்க!"

தலைவர் திரும்பினார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து தொங்கியது. "அந்தச் சொல்லை நீங்க பயன்படுத்தக் கூடாது!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "அதுக்கு இன்னும் பொருளே முடிவாகலை!"

அந்த அம்மா என்னைப் பார்த்து, "யாருங்க அவரு?" என்றார். சொல்லாபீஸ் தலைவர் என்றேன். "அடப் பாவமே" என்றார், மனசார. படிக்கட்டில் உட்கார்ந்து மச்சான் நன்றாக மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தலைவரின் கண் குறிப்பெழுத்தர்மேல் பட்டது. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, வசதியான இடமாகப் பார்த்து நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டீங்களா?"

"எல்லாம் எழுதிட்டேன் சார். உதைச்சது வரைக்கும்." அவர் பக்கத்தைத் திருப்பினார். "நிதானம் எங்க முடியுதுன்னு இன்னிக்குக் கிடைச்சிடுச்சு சார். விதிப்படி யாருக்கிட்ட முடிஞ்சுதோ அவரைத்தான் சான்றாள் நாற்காலியில உக்கார வைக்கணும்."

தலைவர் வெளுத்துப் போனார். சொல் முடிகிற வரைக்கும் சான்றாளுக்கு விடுதலை கிடையாது, அது அவரே போட்ட விதி. அப்படியானால் சொல்லை முடித்துவிட வேண்டும், இப்போதே. பஸ் நிலைய வாசலில், காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், நின்றபடியே வாரியம் கூடியது. மேடம், "பிறப்பு தெரியவில்லைன்னு போட்டுடலாம்" என்றார். பொருள் பிரிவு அதிகாரி படிக்கட்டைக் காட்டி, "பொருள்: அவர் செய்துகொண்டிருப்பது" என்றார். தலைவர் பஸ்ஸின் முகப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மச்சான் டிபன் பாக்ஸைக் காலி செய்வதற்குள் பன்னிரண்டாவது சொல் முடிந்துவிட்டது.

பொருள் எழுதிய காகிதத்தை நான் துணை மேலாளரிடம் நீட்டினேன். நிதானம் இழந்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் காரின் முன் மூடியே சொல்லிற்று. காரைப் பின்னால் எடுத்தார். மச்சான் தண்ணீர் குடித்து, கையைக் கழுவி, வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. நானும் அக்காவும் தெரு முனை ஸ்டாப்பில் நின்றோம். பஸ் வந்தது. அக்காவுக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஏறி, கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வழி நெடுக அழுதாள். மச்சான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அன்றைக்கு ஒரு ஸ்டாப்பை நிறுத்தாமல் தாண்டிவிட்டார். இறங்க வேண்டியவர்கள் கத்தோ கத்தென்று கத்தினார்கள்.

பஸ் நிலையத்தில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று தலைவர் அன்றைக்கே எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். மேடம் சரி என்றார். பொருள் பிரிவு அதிகாரி சரி என்றார். மச்சான், "சரிங்க" என்றார். அவர் என்றைக்கு மாட்டேன் என்றிருக்கிறார்? என் முறை வந்தபோது தலைவர் என்னை ஒரு தடவை பார்த்தார், கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்பதுபோல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். ‘நிதானம்’ என்ற சொல்லின் பொருள் அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.